ஆட்டம் முடிந்தபின் என்ன? மலைத் தொழிலிடப் பயிற்சிக்கு ஒரு ஒப்பீடு

டிசம்பர் கடைசியில் உறைபனி கொட்டத் தொடங்கினால் நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இலை வரத்து சரிந்துவிடும். இலை உலர்த்தும் ட்ரையர் பாதி நாள் சும்மா நிற்கும். பயிற்சி வைப்பதென்றால் ஜனவரி, பிப்ரவரியில்தான் ஆள் கிடைப்பார்கள். கோடை மழை விழுந்து இலை குவிய ஆரம்பித்துவிட்டால் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரைப் பத்து நிமிடம் உட்கார வைக்க முடியாது. ஊட்டி, குன்னூர் விடுதிக்காரர்களுக்கும் இதே கணக்குதான். சீசனுக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.

அந்தக் குறுகிய இடைவெளியில் பயிற்சி நடத்தப் போகும் என்னிடம் மேலாளர்கள் இப்போதெல்லாம் முதலில் சொல்வது, "லெக்சர் வேண்டாங்க, ஏதாவது கேம் வையுங்க" என்பதுதான். எந்த கேம், எத்தனை பேர் ஆடலாம், என்ன செலவு என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். ஆட்டம் முடிந்தபின் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டவர் அபூர்வம். முடிவெடுக்க வேண்டிய விஷயமே அதுதான் என்பது என் கட்சி. ஆட்டம் சுமாராக இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். ஆடியதை அசைபோட எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பயிற்சிக்குப் போட்ட பணம் நிற்கும், இல்லையென்றால் கரையும்.

இதைக் காட்ட ஒரு பழைய ஆட்டம் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டரின் குழு 1960 வாக்கில் உருவாக்கிய 'பீர் கேம்', மேலாண்மைக் கல்லூரிகளில் இன்றும் ஆடப்படுகிறது. இங்கே பீர் என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்பதால் நான் டீத்தூள் பெட்டி என்று மாற்றிக்கொள்வேன். கடைக்காரர், மொத்த வியாபாரி, டிப்போ, தொழிற்சாலை என நான்கு பேர் வரிசையாக உட்கார வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவருக்கு ஒரு சீட்டில் ஆர்டர் எழுதித் தர வேண்டும். வாய் திறக்கக் கூடாது. ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரங்கள் பிடிக்கும். சரக்கு தேங்கினால் செலவு. கேட்டதைக் கொடுக்க முடியாமல் பாக்கி வைத்தால் அதைப்போல இரண்டு மடங்கு செலவு.

வாடிக்கையாளர் முதல் நான்கு வாரம் 4 பெட்டி கேட்கிறார். ஐந்தாம் வாரம் 8 கேட்கிறார். அதற்குப் பிறகு கடைசிவரை 8தான். வெளியே நடக்கும் மாற்றம் இவ்வளவே. ஆனால் மேசையில் நடப்பது வேறு. கடைக்காரர் பதறி 12 கேட்பார், மொத்த வியாபாரி எதற்கும் இருக்கட்டும் என்று 18 கேட்பார், டிப்போ இன்னும் கூட்டும், தொழிற்சாலை இரவு ஷிப்டும் ஓட்டும். கேட்டதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கியதும் ஒருவரும் ஆர்டர் போட மாட்டார்கள், குடோன் பிதுங்கும். இந்த ஆட்டத்தின் முடிவுகளை அலசி ஜான் ஸ்டெர்மன் 1989இல் வெளியிட்ட கட்டுரைப்படி, குழுக்களுக்கு ஆன சராசரிச் செலவு, நிதானமாக ஆடியிருந்தால் ஆகக்கூடியதைப்போல 10 மடங்கு.

இந்த இடத்தில் நிறுத்தி, டீ பிஸ்கட் கொடுத்து அனுப்பினால் அவர்கள் என்ன கற்றுக்கொண்டு போவார்கள்? மொத்த வியாபாரிக்குக் கிறுக்கு என்று டிப்போக்காரர் நினைப்பார். மார்க்கெட்டே சரியில்லை என்று தொழிற்சாலையாக உட்கார்ந்தவர் சொல்வார். அலுவலகத்தில் ஏற்கெனவே ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த அபிப்பிராயம் ஆட்டத்தால் கெட்டிப்படும். பயிற்சி இல்லாமலே இருந்திருக்கலாம் என்ற நிலை.

அதனால்தான் இந்த ஆட்டத்தை நடத்தத் தெரிந்தவர்கள் விடையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை கொடுப்பார்கள். வாடிக்கையாளர் வாராவாரம் எவ்வளவு கேட்டிருப்பார் என்று கோடு போட்டுக் காட்டச் சொல்வார்கள். கடைக்காரரைத் தவிர மற்றவர்கள் தொட்டபெட்டாவும் பள்ளத்தாக்குமாக வரைந்து தள்ளுவார்கள். பிறகு உண்மைக் கோட்டைக் காட்டுவது: 4, ஒரே ஒரு படி, 8. முதலில் சிரிப்பு வரும், பிறகு சங்கடம் வரும், "அப்போ ஏத்தி விட்டது நாமதானா" என்று யாராவது ஆரம்பிப்பார். கற்றல் நடப்பது அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். முந்தைய ஒன்றரை மணி நேரம் அதற்குக் கொடுத்த முன்பணம்.

ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. பணியிடப் பயிற்சியில் கணினி வழிப் பாவனை விளையாட்டுகளைப் பற்றி டிரேசி சிட்ஸ்மன் 2011இல் தொகுத்த ஆய்வில், விளையாடிக் கற்றவர்கள் மற்றவர்களைவிட நினைவில் வைத்திருப்பதில் 9 சதவீதமும் செய்முறை அறிவில் 14 சதவீதமும் மேலே இருந்தார்கள். ஆனால் ஆட்டத்தைத் தனியே விடாமல் வேறு பயிற்சியோடு சேர்த்தபோதுதான் பலன் கூடியது. 2013இல் பீட்டர் வவுட்டர்ஸ் குழுவினர் தொகுத்ததிலும் அதே போக்கு. கூடவே ஒரு சுவாரசியம்: விளையாட்டு கற்றலைக் கூட்டியதே தவிர ஆர்வத்தைக் குறிப்பிடும்படி கூட்டவில்லை. "கேம் வச்சா ஆளுங்க ஜாலியா இருப்பாங்க" என்று பணம் ஒதுக்கும் மேலாளர்கள் இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

சுருக்கமாகப் பேசி முடிக்கக்கூடிய இரண்டு வழிகள்

ஆடியதை என்ன செய்வது என்பதற்கான வழிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். முதலாவது, அசைபோடுவதே வேண்டாம், அந்த நேரத்தில் இன்னொரு சுற்று ஆடலாம் என்பது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் சில வேலைகளுக்கு இது சரிதான். இரண்டு இலை ஒரு மொட்டையும் முற்றிய கரட்டு இலையையும் கைப்பிடி கைப்பிடியாகப் பிரிக்கும் போட்டி, தீயணைப்பானின் ஊசியை உருவி அழுத்தும் பயிற்சி இவற்றில் சரியா தப்பா என்று அந்த நொடியே தெரிந்துவிடும். கை பழக வேண்டும். அதற்குச் சுற்று எண்ணிக்கைதான் முக்கியம்.

ஆனால் கைப்பழக்கத்துக்கும் தீர்மானத்துக்கும் உள்ள கோட்டைக் கவனிக்க வேண்டும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கை நம்பி இறங்கினால் சூடேறி அது பிடிக்காமல் போகும் என்பது இங்குள்ள எந்த ஜீப் ஓட்டுநருக்கும் தெரியும். "கெஸ்ட் வெயிட் பண்றாங்க, சீக்கிரம் வாப்பா" என்று விடுதியிலிருந்து போன் வரும்போது அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. இன்னும் எத்தனை சுற்று ஆடினாலும் அதற்கு விடை வராது. பேசினால் வரும். போன் செய்கிறவரையும் அந்தப் பேச்சில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, செல்போன் கேம். புள்ளி, பதக்கம், முடிவில் "இன்று என்ன கற்றீர்கள்?" என்று ஒரு பெட்டி. விற்பனைக்காரர்கள் அந்தப் பெட்டியைக் காட்டி அசைபோடும் வசதியும் இருக்கிறது என்பார்கள். அதில் வந்து விழுவது பெரும்பாலும் "குட்", "சூப்பர்", ஒரு கும்பிடு போடும் பொம்மை. தவறான விடைக்குக் கீழே சரியான விடையைக் காட்டுவதும் அசைபோடுதல் ஆகாது. ஏன் அப்படி நினைத்தேன் என்று ஆடியவர் தன்னையே கேட்டுக்கொள்ள அங்கே இடமில்லை. எஸ்டேட் லைன்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், சிக்னல் வரும் போகும். ஒரு வீட்டில் ஒரு போன், அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் இருக்கும். ஆனாலும் கைகழுவும் முறை, உணவுப் பாதுகாப்பு விதி, ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடையில் எது வரும் எது வராது போன்ற விதிகளைத் திரும்பத் திரும்பப் பழக, அதுவும் இந்தியில் வேண்டியவர் இந்தியில் பழக, இதைவிட மலிவான வழி இல்லை. இஷ்டப்பட்டபோதெல்லாம் திரும்ப ஆட முடிகிற விளையாட்டுகளில் பலன் கூடுதல் என்று சிட்ஸ்மனின் தொகுப்பும் சொல்கிறது. அந்த அளவுக்கு வாங்குங்கள், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

நோட்டா, வட்டமா

உண்மையான போட்டி, ஆடியதை நோட்டில் எழுதுவதற்கும் வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்கும்தான்.

எழுதுவதன் பக்கம் ஒரு பலமான சாட்சி உண்டு, அதுவும் பக்கத்திலிருந்தே. பெங்களூரில் விப்ரோவின் புதிய ஊழியர்களை வைத்து நடந்து, 2014இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஆய்வறிக்கையாக வந்தது. பயிற்சி நாளின் கடைசி 15 நிமிடத்தை வேலைக்குக் கொடுக்காமல், அன்று கற்றதை நோட்டில் எழுதக் கொடுத்தார்கள். இறுதித் தேர்வில் அப்படி எழுதியவர்கள், அந்த நேரமும் வேலை பழகியவர்களைவிட ஏறத்தாழ 23 சதவீதம் மேலே இருந்தார்கள். ஆய்வுக் குழுவில் ஒருவரது வேறு சில கட்டுரைகள் பிற்பாடு தரவுக் குளறுபடிப் புகாரில் திரும்பப் பெறப்பட்டன. இந்த ஆய்வு அவற்றில் சேரவில்லை. இருந்தாலும் 23 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்க மாட்டேன். திசை சரி என்று மட்டும் எடுத்துக்கொள்வேன்.

எழுத்துக்கு இன்னொரு நல்ல குணம், கூச்சக்காரருக்கும் அதில் இடமுண்டு. பலர் முன்னால் வாய் திறக்காத சூப்பர்வைசர் நோட்டில் இரண்டு பக்கம் எழுதுவார். விடுதி வரவேற்பு மேசைக்காரர்கள், அலுவலகக் கிளார்க்குகள், டீமேக்கர்கள், ஃபீல்டு ஆபீசர்கள் இவர்களுக்கு நோட்டு நன்றாக வேலை செய்யும். மறுநாள் காலையில் அந்த நோட்டைப் படித்து ஒரு வரி பதில் எழுத யாராவது இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. யாரும் படிக்காத நோட்டு மூன்றாம் நாள் மளிகைக் கணக்குக்குப் போய்விடும்.

ஆனால் இலை எடுப்பவர்களுக்கும் தொழிற்சாலைத் தளத்தில் நிற்பவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு யோசனை இல்லை என்று அர்த்தமில்லை. ஒரே வரிசையில் படுகு பேசுகிறவர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தவர், ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர் எல்லோரும் நிற்கிறார்கள். யார் எந்த மொழியில் எழுதுவது? எழுதியே பல வருடம் ஆன அக்காவிடம் பேனாவை நீட்டினால் அவர் முதலில் தேடுவது வாசலை. இதற்கு ஒரு மாற்று, வாட்ஸ்அப்பில் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ். தன் மொழியிலேயே, வீட்டுக்குப் போகும் வழியிலேயே பேசி அனுப்பலாம். நோட்டைவிட வளமாகவே வரும். கேட்டு முடிக்கத்தான் ஆளும் பொறுமையும் வேண்டும்.

வட்டமாக உட்கார்ந்து பேசும் வழிக்கு ஊரறிந்த இரண்டு சட்டகங்கள் உண்டு. ஒன்று அமெரிக்கத் தரைப்படை 1970களில் வளர்த்த 'ஆஃப்டர் ஆக்ஷன் ரிவியூ'. என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வோம் என நான்கே கேள்விகள். மற்றது நம்மவருடையது. சென்னையில் பிறந்து அமெரிக்காவின் இண்டியானாவில் நிலைகொண்ட சிவசைலம் தியாகராஜன், பயிற்சி விளையாட்டு உலகத்தில் 'தியாகி' என்று சொன்னால் தெரியும். அவர் ஆறு கேள்விகள் வைத்தார்: எப்படி இருக்கிறது உங்களுக்கு? என்ன நடந்தது? என்ன கற்றீர்கள்? இது நிஜ வேலையில் எங்கே பொருந்துகிறது? ஆட்டம் வேறு மாதிரி இருந்திருந்தால்? அடுத்து என்ன?

மனநிலையை முதலில் கேட்பது வெறும் மரியாதைக்கு என்று நினைக்க வேண்டாம். தியாகராஜனின் 'பார்ங்கா' என்ற சீட்டாட்டத்தில் ஒவ்வொரு மேசைக்கும் விதி கொஞ்சம் வேறுபடும், ஆடுபவர்களுக்கு அது தெரியாது, பேசவும் கூடாது. ஒரு சுற்று முடிந்து ஜெயித்தவரும் தோற்றவரும் மேசை மாறியதும் குழப்பம் ஆரம்பிக்கும். எதிரில் இருப்பவர் ஏமாற்றுகிறார் என்றே ஒவ்வொருவருக்கும் தோன்றும். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும் தொழிற்சாலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோபத்தைக் கொட்டவிடாமல் "சரி, என்ன கற்றீர்கள்?" என்று நேரே தாவினால், கோபத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போவார்கள்.

வட்டப் பேச்சின் பலத்துக்கும் சான்று இருக்கிறது. ஸ்காட் டானன்பாமும் கிறிஸ்டோஃபர் செராசோலியும் 2013இல் தொகுத்த ஆய்வுகளில், ஒழுங்காக நடத்திய பின்னுரையாடல் குழுக்களின் செயல்திறனை ஏறத்தாழ 25 சதவீதம் உயர்த்தியது. அந்தப் பேச்சுகளின் சராசரி நீளம் 18 நிமிடம்தான். நேரமில்லை என்பவர்களுக்கு நான் சொல்லும் எண் இது.

ஒழுங்காக நடத்துவது என்பதில்தான் சிக்கல். மேலாளர் வட்டத்தில் உட்கார்ந்தால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். "நல்லா இருந்துச்சுங்க சார், நிறைய கத்துக்கிட்டோம்" என்று மூன்று பேர் சொல்வார்கள், கை தட்டுவார்கள், முடிந்தது. பெண்கள் சுவரோரமாக இருப்பார்கள், மேஸ்திரி அவர்களுக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். நடத்துபவரோ விடையைத் தானே சொல்லிவிடத் துடிப்பார். பயிற்சியாளர்களுக்கே உரிய வியாதி இது, மைக் கையில் இருந்தால் இன்னும் மோசம். இவற்றுக்கு மருந்து உண்டு. முதலில் இருவர் இருவராக, தங்கள் மொழியில், ஐந்து நிமிடம் பேசட்டும், பிறகு பொதுவில். மேலாளர் வெளியே இருக்கட்டும், அல்லது கடைசியாக மட்டும் பேசட்டும். கேள்வி கேட்டபின் நடத்துபவர் பத்து நொடியாவது வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். ஆனால் இதற்கெல்லாம் பழகிய ஓர் ஆள் தேவை. நோட்டுக்குத் தேவைப்படாத செலவு அது.

நடுவில் நிறுத்துவது

செய்து முடித்தபின் யோசிப்பது ஒன்று, செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது இன்னொன்று என்று அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷான் 1983இல் பிரித்துக் காட்டினார். விளையாட்டில் இரண்டாவதை நாமே உண்டாக்க முடியும். உச்சத்தில் மணியடித்து மூன்று நிமிடம் நிறுத்தி, என்ன பார்க்கிறீர்கள், என்ன செய்ய நினைக்கிறீர்கள், ஏன் என்று கேட்டு மறுபடி ஆடவிடுவது. முடிந்தபின் பேசும் பேச்சில் "அடுத்த முறை இப்படிச் செய்வேன்" என்பது ஒரு வாக்குறுதி. நடுவில் பேசினால் அந்த அடுத்த முறை அடுத்த நிமிடமே வந்துவிடுகிறது.

குன்னூர், கோத்தகிரிப் பக்கத் தோட்டங்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன், காட்டெருமைக்காக. தரையில் சாக்பீஸால் தோட்டத்தை வரைந்து செடி வரிசை, ஓடை, ரோடு, எடை போடும் கொட்டகை எல்லாம் குறித்து, ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, மாட்டுக்கு ஒரு கல். கல்லை நடத்துபவர் நகர்த்துவார். ஆட்கள் தங்கள் கொட்டையை நகர்த்த வேண்டும். விலகி நில், கல்லெறியாதே, கன்றோடு இருந்தால் கிட்டவே போகாதே என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கல் கொட்டகைப் பக்கம் திரும்பியதும் பாதிப் பேர் எடைக்கு வைத்த இலை மூட்டையை நோக்கிக் கொட்டையை நகர்த்துவார்கள். அங்கே நிறுத்த வேண்டும். ஏன் அந்தப் பக்கம்? "கூலி அதுலதானுங்க இருக்கு." பாதுகாப்பு விதிப் பலகையில் இந்தக் காரணம் எழுதப்பட்டிருக்காது. மூட்டை போனாலும் அன்றைய எடை போகாது என்று மேலாளர் ஒரு வார்த்தை கொடுக்காதவரை எத்தனை விதி சொல்லியும் கால் அந்தப் பக்கம்தான் போகும்.

அதே இடத்தில் இன்னொன்றும் நடக்கும். "மாடு ரோட்டு வழியா வராதுங்க, ஓடைப் பக்கமாத்தான் ஏறும்" என்று மூத்த அக்கா ஒருவர் கல்லை எடுத்து வேறு இடத்தில் வைப்பார். அலுவலக வரைபடத்தில் இல்லாத தடம் அது. அசைபோடும் பேச்சு தொழிலாளிக்குக் கற்பிப்பதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதன் பாதி லாபத்தை விட்டுவிடுகிறார்கள். அறிவு கீழிருந்து மேலே போவது இங்கேதான். செல்போன் கேமில் அந்தக் கல்லை யாராலும் இடம் மாற்றி வைக்க முடியாது.

இந்த வழியின் குறை, ஆட்டத்தின் வேகம் கெடும். பீர் கேம், பார்ங்கா போல மறைபொருளை வைத்து ஓடும் ஆட்டங்களில் நடுவில் நிறுத்தினால் குட்டு உடைந்துவிடும். அங்கே செய்யவே கூடாது. அடிக்கடி நிறுத்தினாலும் எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு சுற்றுக்கு ஒரு முறை போதும்.

யாருக்கு எதை

விதிகளை மட்டும் பழக்க வேண்டுமென்றால் செல்போன் கேம், கைவேலையென்றால் கூடுதல் சுற்று. இரண்டிலும் அசைபோடலுக்குச் செலவழிக்க வேண்டாம். படித்துப் பழகிய சூப்பர்வைசர்கள், வரவேற்பு மேசை ஊழியர்கள் என்றால் நோட்டு. அதுவும் தினசரி 15 நிமிடத்தை வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்க நிர்வாகம் சம்மதித்தால் மட்டும். ஆபத்து சம்பந்தப்பட்ட பயிற்சிக்கு, அது காட்டெருமையோ இலையை நசுக்கும் சி.டி.சி. ரோலரோ, நடுவில் நிறுத்தும் முறையும் முடிவில் வட்டப் பேச்சும் சேர்ந்தே வேண்டும். துறைகளுக்குள் மனத்தாங்கல், ஊர்க்காரர்களுக்குள் பேதம் என்றால் வட்டப் பேச்சு மட்டும். அதை நடத்தத் தெரிந்தவர் கிடைக்கவில்லையென்றால் அந்த ஆட்டங்களைத் தொடாமல் இருப்பதே மேல்.

ஒரே ஒரு வழிக்குத்தான் பணம் என்று கையைக் கட்டிப் போட்டால், நான் விளையாட்டுப் பெட்டி எதையும் வாங்க மாட்டேன். சாக்பீஸும் புளியங்கொட்டையும் போதும். அந்தப் பணத்தில் இரண்டு சூப்பர்வைசர்களுக்குக் கேள்வி கேட்கவும் பதிலுக்குக் காத்திருக்கவும் பழக்குவேன், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். வெளியிலிருந்து வரும் என்னைப் போன்றவர் மாலையில் பஸ் ஏறிவிடுவார். ஒரு வாரம் கழித்து, வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் காலை மஸ்டரில், "அன்னைக்கு பேசினோமே, இந்த வாரம் யாராவது செஞ்சு பார்த்தீங்களாக்கா?" என்று ஐந்து நிமிடம் கேட்க அவர்கள்தான் அங்கே இருப்பார்கள்.

நிகழ்ச்சி நிரல் போடும்போது ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். வட்டப் பேச்சைக் கடைசி அங்கமாகப் போட வேண்டாம். ஜனவரியில் நான்கு மணிக்கே குளிர் இறங்கிவிடும், பள்ளிக்கூடம் விட்டிருக்கும், லைனுக்குப் போகும் பஸ் போய்விட்டால் அடுத்தது எப்போது என்று எல்லோரும் வாசலையே பார்ப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேச்சை முடித்துவிட்டு, சாப்பிட்டபின் இரண்டாம் சுற்றை ஆடுங்கள். நேரம் போதாமல் எதையாவது வெட்ட நேர்ந்தால் அந்தச் சுற்றை வெட்டலாம்.